முறிந்த திறப்பை எறிந்துவிடாதீர்கள்

இருப்பிடம் ஓரிடத்திலும் வயல் இன்னோரிடத்திலுமாக வாழும் குடும்பத்திற்கு மோட்டார் சைக்கிளும் ஓர் உழைப்பாளியே. விடியற்காலையில் பால் கொண்டுபோவதும், உரப்பையைக் கட்டி ஏற்றி வருவதும், பிள்ளையைப் பாடசாலையில் இறக்குவதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்வதும் அதுதான். அறுவடைக் காலத்தில் அது ஒரு கிழமை முற்றத்தில் நின்றால் ஏற்படும் நட்டத்தை எமது வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

முன்னைய நாட்களில் திறப்பு முறிந்தால் அரை நாளில் அலுவல் முடிந்துவிடும். முறிந்த இரண்டு துண்டுகளையும் பட்டணத்தில் திறப்பு வெட்டுபவரிடம் கொடுத்தால், அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி வைத்துப் புதியதொன்றை வெட்டித் தருவார். இன்றும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்கு இதுவே போதும். ஆயினும் சில வாகனங்களின் திறப்புத் தலைக்குள் ‘சிப்’ எனப்படும் சிறிய இலத்திரனியல் துண்டு ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. இவற்றுக்குப் புதிதாக வெட்டிய திறப்பு பூட்டினுள் புகும், திரும்பும், விளக்கும் எரியும். ஆனால் எஞ்சின் மட்டும் ஸ்ராட் வராது. காரணம் தெரியாதவர்கள் பிளக்கைக் கழற்றுவார்கள், பற்றறியை மாற்றுவார்கள், கடைசியில் பணமும் நாளும் வீணாகிவிடும்.

இத்தகைய திறப்பு முறிந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, முறியும் முன்னரே எதைச் செய்துவைக்க வேண்டும் என்பன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

உங்கள் வாகனத்தில் சிப் உண்டா?

எமது கிராமங்களில் அதிகம் ஓடும் பஜாஜ் சி.டி. 100, பிளாட்டினா, ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் போன்ற வாகனங்களின் திறப்பில் சிப் கிடையாது. அவற்றின் திறப்பு வெறும் உலோகமே. தலைப்பகுதி கறுப்புப் பிளாஸ்ரிக்கினால் மூடப்பட்டிருப்பதை மட்டும் வைத்துச் சிப் உண்டு என்று முடிவுகட்டக் கூடாது.

சிப் உள்ள வாகனத்தைப் பின்வரும் அடையாளங்களால் அறியலாம்.

1. வேகமானி உள்ள தட்டில் திறப்பின் படம் போட்ட சிறு விளக்கு ஒன்று இருக்கும். ஹொண்டா நிறுவனத்தின் வாகனங்கள் சிலவற்றில் எச், ஐ, எஸ், எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் அந்த விளக்கருகில் இருக்கும்.

2. சரியான திறப்பைத் திருப்பியதும் இந்த விளக்கு இரண்டொரு செக்கன் எரிந்து அணைந்துவிடும். அணையாமல் நின்றாலோ விட்டுவிட்டு மின்னினாலோ திறப்பின் சிப்பை வாகனம் அடையாளம் காணவில்லை என்று கொள்ளலாம்.

3. திறப்புப் பூட்டின் வாயைச் சுற்றிக் கறுப்பு வளையம் ஒன்றும், அதிலிருந்து உள்ளே செல்லும் மெல்லிய வயரும் காணப்படும்.

4. யமஹா நிறுவனம் சிப் பொருத்தி விற்ற பல வாகனங்களுக்குச் சிவப்புத் தலையுடன் ஒரு திறப்பும் கறுப்புத் தலையுடன் இரண்டு திறப்புகளும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன.

வாகனத்துடன் கிடைத்த கைந்நூல் இருந்தால் அதைப் பார்ப்பதே நிச்சயமான வழி.

இது எப்படி வேலை செய்கிறது?

வாகனத் திருட்டைத் தடுப்பதற்காகவே இம்முறை வந்தது. முதலில் கார்களில் பரவியது. ஐரோப்பிய நாடுகளில் 1998 ஒக்ரோபர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் இது கட்டாயமாக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்கு அவ்வாறான கட்டாயம் இல்லாவிடினும் உற்பத்தியாளர்கள் தாமாகவே பலவற்றில் சேர்த்தார்கள்.

இதில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, திறப்பின் தலைக்குள் இருக்கும் சிப். இது நெல்மணியிலும் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழாயாகவோ, கறுப்பு நிறச் சிறு ஆப்புப் போலவோ இருக்கும். இரண்டாவது, பூட்டின் வாயைச் சுற்றியுள்ள வளையம். இதற்குள் மெல்லிய செப்புக் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். மூன்றாவது, எஞ்சினுக்குப் பெற்றோலும் பொறியும் கொடுக்க உத்தரவிடும் கட்டுப்பாட்டுப் பெட்டி.

சிப்புக்குள் பற்றறி எதுவும் இல்லை. சைக்கிள் டைனமோ சில்லோடு உரசும்போது மட்டும் விளக்கு எரிவதைப் போன்று, வளையத்தின் அருகே வரும்போது மட்டுமே சிப்புக்கு மின்சாரம் கிடைக்கிறது. திறப்பைத் திருப்பியதும் வளையத்தைச் சுற்றிக் காந்தப் புலம் ஒன்று உண்டாகிறது. பெரும்பாலான வாகனங்களில் இது செக்கனுக்கு ஏறக்குறைய 125,000 தடவை ஊசலாடும். இந்தப் புலத்திலிருந்து சக்தியைப் பெற்றுச் சிப் தனது அடையாள எண்ணைத் தெரிவிக்கிறது. சில சென்ரிமீற்றர் தூரத்துக்கு அப்பால் இது எட்டாது.

கட்டுப்பாட்டுப் பெட்டியிடம் ஓர் இடாப்பு உள்ளதென்று வைத்துக்கொள்ளுங்கள். சிப் சொல்லும் எண் அந்த இடாப்பில் இருந்தால் பெட்டி பொறியையும் பெற்றோலையும் விடும், இல்லாவிட்டால் விடாது. நிவாரணப் பட்டியலில் பெயர் பதியப்படாதவர், அடுத்த வீட்டுக்காரரின் அட்டையைப் போல ஒன்றைச் செய்துகொண்டு வரிசையில் நின்றாலும் அரிசி கிடைக்காதல்லவா? அதுபோலத்தான் பதியப்படாத திறப்பும்.

ஆகவே இத்திறப்பினுள் இரண்டு திறப்புகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். உலோக அலகு பூட்டைத் திருப்புகிறது. தலையில் உள்ள சிப் எஞ்சினைத் திறக்கிறது. முறிவது பெரும்பாலும் அலகு மட்டுமே. அலகை எந்தப் பட்டணத்திலும் வெட்டிக்கொள்ளலாம். தலையைக் குப்பையில் எறிந்தவருக்குத்தான் உண்மையான கஷ்டம் தொடங்குகிறது.

திறப்பு முறிந்தவுடன் செய்ய வேண்டியவை

தலைத் துண்டை உடனே பத்திரப்படுத்துங்கள். ஒரு துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வையுங்கள். அதைத் தண்ணீரில் போடவோ, வெயிலில் காயும் பெற்றோல் தாங்கியின் மேல் வைக்கவோ, ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகில் வைக்கவோ வேண்டாம். சிப் எப்படியிருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பிளாஸ்ரிக்கைக் கத்தியால் பிளக்கவும் வேண்டாம். கண்ணாடிக் குழாய் ஒன்று உடைந்தால் அதை மீண்டும் ஒட்ட முடியாது.

அலகு பூட்டினுள் அகப்பட்டிருந்தால், அது எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். திறப்பு உள்ளே புகுந்த நிலையில்தான் அது வெளியே வரும். பூட்டு திரும்பியிருந்தால் சிறிய தட்டைத் திருப்புளியால் மெதுவாக முன்னைய நிலைக்குத் திருப்புங்கள். பின்னர் முனை வெளியே தெரிந்தால் ஊசிமூக்குக் குறட்டினால் நேராக இழுக்கலாம். முனை தெரியாவிட்டால், மெல்லிய மரம் அறுக்கும் வாளின் முறிந்த அலகொன்றைத் திறப்பின் வெட்டுப்பக்கமாக உள்ளே விட்டு, அதன் பற்கள் கொளுவியதும் வெளியே இழுக்கலாம். இரண்டு மூன்று தரம் முயன்றும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். பூட்டுத் திருத்துபவர் பூட்டைக் கழற்றி எடுத்துத் தருவார்.

பசை தடவிய குச்சியை உள்ளே விட்டு ஒட்டி எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இது மிகவும் ஆபத்தான யோசனை. பசை பூட்டின் உட்தகடுகளில் பட்டால் திறப்போடு பூட்டையும் இழக்க நேரிடும். இரண்டாவது திறப்பை உள்ளே தள்ளி முறிந்த துண்டை அமுக்குவதும் கூடாது.

எடுத்த துண்டையும் எறியாதீர்கள். இரண்டு துண்டுகளையும் வெள்ளைத் தாளில் பொருத்தி வைத்து, கூரிய பென்சிலால் சுற்றிக் கோடு வரைந்துகொள்ளுங்கள். ஒரு துண்டு தவறிப்போனாலும் இக்கோடு வெட்டுபவருக்குச் சிறிது உதவும்.

மூன்று நிலைமைகள்

முதலாவது நிலைமை: தலை கையில் உள்ளது, சிப் பழுதடையவில்லை.

இது இலேசானது. முதலில் சிப் இல்லாத சாதாரணத் திறப்பொன்றை முறிந்த துண்டுகளைப் பார்த்து வெட்டுவியுங்கள். அதைப் பூட்டில் விட்டு, முறிந்த தலையைப் பூட்டின் வளையத்தோடு ஒட்டப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். சிப் நல்ல நிலையில் இருந்தால் விளக்கு அணைந்து எஞ்சின் ஸ்ராட் ஆகும். பெரும்பாலான வாகனங்களில் சிப்பைத் திறப்புத் திருப்பும் வேளையில் மட்டுமே வாகனம் கேட்கிறது. ஆகவே அவசரத்துக்கு இப்படி ஓட்டி வீடு சேரலாம், பட்டணத்துக்கும் போகலாம்.

இதையே நிரந்தரமாக்க எண்ணித் தலையைப் பூட்டோடு சேர்த்து ஒட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் சாதாரணத் திறப்பு வைத்திருக்கும் எவரும் வாகனத்தைக் கொண்டுபோகலாம். கைபிடி திரும்பும்போது தொங்கும் பொருள் சிக்கிக்கொள்ளவும் கூடும். சிப் வேலையில் பழக்கமுள்ள திறப்புக் கடையில், பழைய சிப்பைப் பக்குவமாக எடுத்துப் புதிய தலைக்குள் வைத்துத் தருவார்கள். வாகனத்துக்கு இது பழைய திறப்பேயாகும். எனவே புதிய பதிவு எதுவும் தேவைப்படாது.

இரண்டாவது நிலைமை: தலை தொலைந்தது அல்லது சிப் நசிந்தது, ஆனால் பதிந்த வேறொரு திறப்பு உண்டு.

இங்கே புதிய சிப் உள்ள திறப்பொன்றை வாங்கி, அலகை வெட்டி, அதன் பின்னர் வாகனத்தின் இடாப்பில் பதிவிக்க வேண்டும். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். அலகு பூட்டில் தடையின்றித் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே பதிவு செய்விக்க வேண்டும். சிப்பிலும் பல இனங்கள் உள்ளன. ஒரு வாகனத்துக்குரியது இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே வாகனத்தின் பெயரோடு மாதிரியையும் உற்பத்தி ஆண்டையும் சொல்லி வாங்குங்கள்.

ஹொண்டாவின் இம்முறையில், பதிந்த திறப்பு ஒன்று முன்னிலையில் இருந்தால்தான் இன்னொன்றைச் சேர்க்கலாம். மொத்தம் நான்கு திறப்புகள் வரை பதியலாம். இதில் முக்கியமான ஒரு விடயம் உண்டு. பதிவு வேலை தொடங்கும்போது, பூட்டினுள் இருக்கும் திறப்பைத் தவிர்ந்த மற்ற எல்லாத் திறப்புகளின் பதிவும் அழிந்துவிடும். ஆகவே வீட்டில் உள்ள எல்லாத் திறப்புகளையும் கொண்டுபோய் ஒரே நேரத்தில் பதிவிக்க வேண்டும். ஒன்றை வீட்டில் விட்டுச் சென்றால், திரும்பி வந்து பார்க்கும்போது அது வெறும் உலோகமாகியிருக்கும்.

யமஹாவின் சிவப்புத் தலைத் திறப்புப் பதிவு வேலைக்கு மட்டுமே உரியது. அதைக் கொண்டு நாளாந்தம் வாகனம் ஓட்டக் கூடாது. கறுப்புத் திறப்பு முறிந்தால் புதியதைப் பதிவதற்கு அது தேவை. சிவப்புத் திறப்புத் தொலைந்தாலும் கறுப்புத் திறப்புகளால் தொடர்ந்து ஓட்டலாம். ஆனால் புதிய கறுப்புத் திறப்பைப் பதிய முடியாது.

மூன்றாவது நிலைமை: பதிந்த திறப்பு ஒன்றுகூட இல்லை.

இதுவே செலவு கூடிய நிலைமை. யமஹாவில் சிவப்புத் திறப்பும் இல்லாமற் போனால் இந்தப் பாதுகாப்பு முறை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று அந்நிறுவனத்தின் கைந்நூலே சொல்கிறது. ஹொண்டாவிலும் எல்லாத் திறப்புகளும் தொலைந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்ற வேண்டி வரும். பழைய வாகனமொன்றுக்கு இச்செலவு அதன் பெறுமதியில் பெரும் பங்கை விழுங்கிவிடக் கூடும். ஆகவே எந்தக் கடையிலும் வேலையைத் தொடங்க முன் முழுச் செலவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவர் நிலையத்திலும், சிப் வேலை தெரிந்த திறப்புக் கடையிலும் தனித்தனியே கேட்டு ஒப்பிடுங்கள்.

“வயரை வெட்டி இணைத்தால் ஓடாதா?”

சிப் இல்லாத பழைய வாகனங்களில் இரண்டு வயர்களை இணைத்து ஸ்ராட் செய்ததைப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்பார்கள். சிப் உள்ள வாகனத்தில் இதனால் விளக்கு எரியலாம், எஞ்சின் ஓடாது. பொறியையும் பெற்றோலையும் தடுப்பது கட்டுப்பாட்டுப் பெட்டியின் உள்வேலை. வெளியே எந்த வயரை வெட்டினாலும் அது சம்மதிக்காது. கண்டபடி வயர்களைத் தொடுத்துப் பெட்டியையே எரித்துவிட்டால், முதலாம் நிலைமையில் இருந்தவர் மூன்றாம் நிலைமைக்கு வந்துவிடுவார்.

திறப்பு ஏன் முறிகிறது?

வீட்டுத் திறப்பு, பெட்டித் திறப்பு எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோப்பது முதற்காரணம். குன்றும் குழியுமான பாதையில் அந்தப் பாரம் ஆடி ஆடி அலகின் கழுத்தை மெலியச் செய்கிறது. அத்துடன் சிப் உள்ள இரண்டு திறப்புகள் ஒரே வளையத்தில் இருந்தால் ஒன்றின் குறிப்பு மற்றதைக் குழப்பி வாகனம் ஸ்ராட் ஆகாமல் போகலாம். ஆகவே மோட்டார் சைக்கிள் திறப்பைத் தனியே ஒரு நூலில் கட்டி வையுங்கள்.

கைபிடிப் பூட்டு இறுகியிருக்கும்போது திறப்பைப் பலவந்தமாகத் திருப்புவது இரண்டாவது காரணம். கைபிடியை இரு பக்கமும் சிறிது அசைத்துக்கொண்டு திருப்பினால் பூட்டு இலகுவாகத் திறக்கும். திறப்பால் போத்தல் மூடியைத் திறப்பதும் பெட்டியை நெம்புவதும் கூடாது.

செம்மண் தூசி பூட்டினுள் படிவது மூன்றாவது காரணம். இதற்குத் தடித்த எண்ணெய் விட்டால் தூசி மேலும் ஒட்டிக்கொள்ளும். பென்சிற் கரியைத் தூளாக்கித் திறப்பின் அலகில் தடவி, சில தடவை உள்ளே விட்டு எடுத்தால் பூட்டு இலகுவாகும்.

அலகின் கழுத்தில் மயிரிழை போன்ற வெடிப்பைக் கண்டாலோ, திறப்பு வளைந்திருந்தாலோ அன்றே இரண்டாவது திறப்பைச் செய்விக்க வேண்டும். வளைந்த திறப்பைத் தட்டி நிமிர்த்தினால் அது அதே இடத்தில் முறியும்.

பாவித்த வாகனம் வாங்குவோர் கவனத்துக்கு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் பெரும்பாலும் பழைய வாகனங்களே கைமாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு திறப்போ ஒரு கடதாசியோ தவறுவது வழக்கம். இடம்பெயர்ந்தவர்களிடம் இக்குறை இன்னும் அதிகம். கையில் இருந்த திறப்போடு வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்களின் இரண்டாவது திறப்பும் பத்திரங்களும் விட்டுவந்த வீட்டின் அலுமாரியிலேயே போயின.

எனவே சிப் உள்ள வாகனத்தை வாங்கும்போது எத்தனை திறப்புகள் உள்ளன என்று கேளுங்கள். ஒவ்வொன்றாலும் எஞ்சினை ஸ்ராட் செய்து பாருங்கள். பூட்டைத் திருப்பிப் பார்ப்பது மட்டும் போதாது. யமஹாவானால் சிவப்புத் திறப்பைக் கேளுங்கள். திறப்பு இலக்கம் பொறித்த சிறிய உலோகத் தகடு இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு துண்டுகளும் தொலைந்தாலும் அந்த இலக்கத்தைக் கொண்டு அலகை வெட்டிக்கொள்ள முடியும். ஒரே ஒரு திறப்போடு வரும் வாகனத்தின் விலையைப் பேசும்போது, இரண்டாவது திறப்பைப் பதிவிக்கும் செலவையும் கணக்கில் எடுங்கள்.

பத்திரங்களும் திறப்பும்

சிப் பதிவு செய்யும் இடங்களில் வாகனம் உங்களுடையது என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். கேட்பது நல்லதே, கேளாமல் எவருக்கும் திறப்புச் செய்து கொடுக்கும் கடை உங்கள் வாகனத்துக்கும் பாதுகாப்பல்ல. பதிவுச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கொண்டுசெல்லுங்கள். பதிவுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இணைப்பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு நாள் எடுக்கும். ஆகவே திறப்பு முறியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது திறப்பையும் இலக்கத் தகட்டையும் வாகனத்தின் பெட்டியிலோ இருக்கையின் கீழோ வைக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நீங்கள் எந்தப் பையில் கட்டி வைத்திருக்கிறீர்களோ அந்தப் பையிலேயே அவற்றையும் வையுங்கள். அவசரமாக வெளியேற நேர்ந்தால் முதலில் கையில் எடுக்கும் பை அதுதானே. தகட்டின் இலக்கத்தை ஒரு கொப்பியிலும் எழுதி, நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

இவ்வளவையும் வாசித்த பின்னர் இன்று மாலையே செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. மோட்டார் சைக்கிளின் திறப்பைத் திருப்பி, விளக்குத் தட்டைப் பாருங்கள். திறப்புப் படம் போட்ட விளக்கு எரிந்து அணைந்தால் உங்கள் வாகனம் சிப் உள்ளது. அப்போது பதிந்த திறப்புகள் எத்தனை வீட்டில் உள்ளன என்று எண்ணுங்கள். ஒன்று மட்டும் இருந்தால், அடுத்த விளைச்சல் காசு கையில் வந்தவுடன் செய்ய வேண்டிய செலவுகளின் பட்டியலில் இரண்டாவது திறப்பையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு திறப்பு கையில் இருக்கும்போது இரண்டாவதைச் செய்விப்பது சிறிய செலவு. ஒன்றும் இல்லாதபோது முதலாவதைச் செய்விப்பதுதான் பெரிய செலவு.